எண்ணெய்ச் சட்டியும் இரண்டு வயதுப் பிள்ளையும்

கேள்வி: வீட்டிலேயே முறுக்கும் சீடையும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். போன வாரம் சீடை வெடித்து ஒருவருக்கு முன்கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. பேஸ்ட் தடவினோம், புண் இன்னும் ஆறவில்லை. என் இரண்டு வயது மகன் வேறு, எவ்வளவு அதட்டினாலும் அடுப்பங்கரைக்கே ஓடிவருகிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: முதலில் அந்தக் கை. ஒரு வாரமாகியும் ஆறாத தீப்புண்ணை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், தோசை மாவு எதுவும் இனி வேண்டாம். அவை புண்ணின் ஆழத்தை மறைத்துவிடும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். சுட்டதும் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. 20 நிமிடம் என்பது நினைப்பதைவிட ரொம்ப நேரம். எரிச்சல் அடங்கியதும் பாதியிலேயே கையை எடுத்துவிடுவார்கள். கடிகாரத்தைப் பாருங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு.

சீடை ஏன் வெடிக்கிறது? உள்ளே ஈரம், வெளியே இறுகிய ஓடு. நீராவிக்கு வழி இல்லை. மாவை நன்றாகச் சலித்து, அழுத்தாமல் லேசாக உருட்டி, துணியில் சற்று உலர்த்தி, ஊசியால் ஒரு குத்து குத்துங்கள். முதலில் ஒன்றிரண்டை மட்டும் போட்டுப் பார்த்தபிறகே மற்றவை. பழைய ஆட்களுக்கு இது தெரியும். தீபாவளி ஆர்டர் நெருங்கும்போதுதான் இந்தப் பொறுமை காணாமல்போகிறது. சுடுகிறவர் நைலான் சேலை கட்டாமல் பருத்தியே கட்டட்டும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளட்டும். எண்ணெய் ஆறும்வரை சட்டியை யாரும் தூக்க வேண்டாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ கூரைவரை எழும்பும். முடிந்தால் அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியால் மூடிவிடுங்கள். அந்த மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சரி, பையன். இரண்டு வயதில் அதட்டல் மனதில் நிற்காது. அவன் மேல் தப்பில்லை, அடுப்பு இருக்கும் இடத்தில்தான் தப்பு. பெரிய சட்டி வைக்கும் அடுப்பு உங்கள் வீட்டிலும் தரையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதாவது கொதிக்கும் எண்ணெய் அவன் இடுப்பு உயரத்தில். ஆடாத மேடை ஒன்று போட்டு அடுப்பை ஏற்றுங்கள், வேலை செய்பவர்களின் முதுகுக்கும் நல்லது. அப்புறம் அறை வாசலுக்கு மூன்றடி உயர அரைக்கதவு ஒன்று தச்சரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும், குறுக்குச் சட்டம் இருந்தால் ஏணியாக்கி ஏறிவிடுவான். இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். எண்ணெய் காயும் நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்று பெயர் சொல்லியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவனுக்கு வெந்நீர் எடுத்துவைக்கும்போதும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். பிள்ளைகளின் தோல் மெல்லியது, 60 டிகிரி தண்ணீரே நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். எண்ணெயோ 170, 180. அவனுக்குச் சுட்டுவிட்டால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். முகம், கை, பிறப்புறுப்பு என்றாலோ, அவன் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலோ 108-ஐ அழையுங்கள்.

ஒன்று கேட்கவில்லை நீங்கள், நானே சொல்கிறேன். அந்தப் பெண்ணின் வைத்தியச் செலவையும், வராத நாள் கூலியையும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த முறை கை சுட்டாலும் உங்களிடம் சொல்லாமல், பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு சட்டி முன்னாலேயே நிற்பார்.