மதுரையிலிருந்து பெங்களூருக்கு: வாசல் முதல் வாசல் வரை

மதுரையில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மதுரை–பெங்களூரு பயணத்தைப் பற்றியவை. பலரும் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது, முதல் விமானப் பயணம். காலை 10.30 மணி விமானம், ஒன்றேகால் மணி நேரம்தான் என்கிறார்கள். பெங்களூரு விஜயநகரில் தம்பி வீட்டுக்கு 12.30 மணிக்குள் போய்விடலாமா? (திருமங்கலம் ஆசிரியை)

முடியாது சகோதரி. பறக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து எண்ணுங்கள். 10.30 விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரை 9.30 மணிக்கே மூடிவிடுவார்கள். பெரியவரோடு போவதால் 8.30 மணிக்குப் பெருங்குடி விமான நிலையத்தில் இருங்கள். அப்படியென்றால் திருமங்கலத்தில் 7.45க்குக் கிளம்ப வேண்டும். 11.45க்கு இறங்கினாலும் பெட்டி கைக்கு வந்து வெளியே வர 12.15 ஆகும். விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில். ஹெப்பாள் நெரிசலைத் தாண்டி விஜயநகர் சேர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆக ஆறு மணி நேரம். தம்பியிடம் 2 மணிக்கு இலை போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பாவது கேட்டுவிடுங்கள். அப்பா "எனக்கு எதற்கு?" என்பார். பெங்களூரில் நடக்க வேண்டிய தூரத்தை அவர் பார்த்ததில்லை.

ஓசூரில் நேர்காணல். விமானமா, ரயிலா? (விருதுநகர் இளைஞர்)

இரண்டும் வேண்டாம் தம்பி, இரவுப் பேருந்தில் போங்கள். தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே, ஓசூர் தெற்கே. விமானத்தில் போய் இறங்கி, பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள். ஊர் பெங்களூரு என்றால்கூட, 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். பயணம் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான், இறக்கிவிடுவதோ நகருக்குள் இருக்கும் கண்டோன்மென்டில்.

விசிறி வைத்த சிறிய விமானம் என்றார்கள். பயமாக இருக்கிறது. (மேலூர் அம்மா ஒருவர்)

பயப்படாதீர்கள் அம்மா. அது ஏடிஆர் 72, பிரான்ஸின் துலூஸ் நகரில் தயாராகும் விமானம். அந்த விசிறிக்குப் பின்னால் இருப்பதும் ஜெட் விமானத்தைப் போன்ற டர்பைன் இயந்திரம்தான். குறைந்த தூரத்துக்கும் சிறிய ஓடுதளத்துக்கும் ஏற்றது, எரிபொருளும் குறைவாகப் பிடிக்கும். தூத்துக்குடி ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்த காலத்தில் அந்த ஊர் மக்களைச் சுமந்தது இந்த வகைதான். வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். பெங்களூரு போகிற தூரத்துக்கு ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டால் கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

ஜெட் அளவுக்கு உயரத்தில் பறக்காததால், மேகமுள்ள நாளில் கொஞ்சம் குலுக்கும். மண் சாலையில் பேருந்து குலுங்குவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும் கதவு வால் பக்கத்தில் இருக்கும், முன்பக்கம் சரக்கு அறை. விசிறியின் இரைச்சல் முன்வரிசைகளில்தான் அதிகம் கேட்கும், அதனால் பின்வரிசையில் இடம் கேளுங்கள். தலைக்கு மேலுள்ள அறை சிறியது. சக்கரம் வைத்த பெட்டி அதில் நுழையாவிட்டால் படிக்கட்டருகே சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள், இறங்கியதும் திரும்பக் கிடைக்கும். எடையைச் சமன் செய்ய உங்களை இடம் மாறி உட்காரச் சொல்லலாம். அதற்கும் பதற வேண்டாம்.

மகளுக்கு ஊறுகாய், மிளகாய்ப் பொடி, தேங்காய் கொண்டுபோகலாமா? (உசிலம்பட்டி)

எல்லாவற்றையும் உள்ளே அனுப்பும் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கொப்பரைக்கு மட்டும் அங்கேயும் இடமில்லை. அதன் எண்ணெய் தீப்பற்றக்கூடியது. 2024இல் சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் அனுமதித்தார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று கெடு வைத்து.

ஒருமுறை சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். மஞ்சள் பையிலிருந்து மாவடு பாட்டிலை எடுத்து, மூடியில் கசிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அந்தக் காவலரிடம் நீட்டினார். "நீயாவது சாப்பிடுப்பா" என்றார். அந்தப் பையனால் அதை வாங்கவும் முடியவில்லை, பாட்டியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. டிக்கெட் எடுக்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் சொல்லிவிடுகிறேன். உள்ளே போகும் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் மட்டும் கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஆதாரில் இனிஷியல்தான் இருக்கிறது. டிக்கெட் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. என்ன எழுதுவது?

நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள சங்கடம் இது. அந்த இடத்தில் இனிஷியலின் விரிவை, அதாவது அப்பாவின் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். செல்வி என்பதை வீட்டில் அழைக்கிறபடி செல்லம்மா என்று போட்டுவிட்டு வாசலில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுத்திருந்தால், எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். டிக்கெட் வந்ததும் முதலில் பெயரைப் படியுங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம்.

விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும்?

24 மணி நேரத்துக்கு முன்பு வரை உங்களுக்குத் தகவல் வரவில்லை என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், அதோடு இழப்பீடும் உண்டு. ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. புயல், மழை போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. இரண்டு மணி நேரம் தாமதமானாலே சிற்றுண்டி தர வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதில் ஒரு முக்கியமான செய்தி: தொடர்பு எண் தராதவருக்கு இழப்பீடு இல்லை. டிக்கெட் எடுத்துத் தருபவர் தன் எண்ணைப் போட்டுவிடுவது வழக்கம். என் தொழிலில் உள்ளவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். உங்கள் எண்ணைப் போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பெங்களூரில் மாறி டெல்லி போக, தனித்தனி டிக்கெட் மலிவாக இருக்கிறதே?

எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டும், சில நேரம் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு ஓட வேண்டும். என் சொந்த அக்காவுக்கு நானே இப்படி எடுத்துக் கொடுத்து, அவர் ஒரு இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள்.

கைக்குழந்தைக்குக் காது வலிக்குமா?

விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது சரியாகும். பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்த நேரத்து விமானம் நல்லது?

தென்மாவட்டங்களில் இடியும் மழையும் பெரும்பாலும் மாலையில்தான் வலுக்கும். அதனால் முற்பகல். மார்கழிக் காலையில் பெங்களூரில் பனிமூட்டம் உண்டு, அப்போது முதல் விமானத்தைத் தவிருங்கள்.

அங்கிள், ஜன்னலில் என்ன தெரியும்? (ஆறாம் வகுப்பு மாணவி, சிம்மக்கல்)

ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கண்ணம்மா. கீழே பார்ப்பதை அது மறைக்காது. இடப்பக்கம் உட்கார். வானம் தெளிவாக இருந்தால், பாதி வழி தாண்டியதும் மலைகளுக்கு நடுவே கையை விரித்து வைத்தது போல ஒரு பெரிய நீர்ப்பரப்பு தெரியும். அதுதான் மேட்டூர்.