பக்கவாதத்தின்போது ஆட்டோஃபேஜி (செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்வது) மூளையைக் காக்கிறதா, கெடுக்கிறதா?

இரண்டும் நடக்கும். செல்லின் செரிமானப் பையான லைசோசோம் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம்.

ரத்தக்குழாய் அடைபட்ட சில நிமிடங்களிலேயே நியூரானில் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி சரிகிறது. அதை உணரும் ஏஎம்பிகே நொதி, ஆட்டோஃபேஜிக்கு எம்டார் என்ற புரதம் போட்டிருந்த தடையை நீக்குகிறது. உடனே இரட்டைச் சவ்வுப் பைகள் உருவாகி, பழுதான மைட்டோகாண்ட்ரியாவை (செல்லின் ஆற்றல் கூடங்களை) வளைத்துப் பிடித்து லைசோசோமிடம் ஒப்படைக்கின்றன. பாதிப்பின் மையத்தைச் சுற்றி உயிர் ஊசலாடும் விளிம்புப் பகுதிக்கு இது பெரிய உதவி. கசியும் மைட்டோகாண்ட்ரியா அப்படியே கிடந்தால், அதிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேறி செல் சாவைத் தூண்டிவிடும்.

சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான். லைசோசோமின் உள்ளே பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கும் ஏடிபி தேவை. அது தீர்ந்துபோனால் பைகள் செரிக்கப்படாமல் குவியும். லைசோசோம் கிழிந்தாலோ, அதனுள் இருக்கும் கெதெப்சின் என்ற செரிமான நொதிகள் செல்லையே அரிக்கும்.

ஆய்வுகளைப் படிக்கும்போது கவனியுங்கள்: அந்தப் பைகளின் சவ்வில் ஒட்டியிருக்கும் எல்சி3-2 என்ற புரதம் கூடியதை மட்டும் வைத்து ஆட்டோஃபேஜி கூடியதாக முடிவு கட்டாதீர்கள். ஆட்டோஃபேஜியில் செரிக்கப்பட வேண்டிய பி62 என்ற புரதமும் சேர்ந்தே ஏறியிருந்தால் பெரும்பாலும் அது அடைப்பு. லைசோசோமின் செரிமானத்தைத் தடுக்கும் பாஃபிலோமைசின் கொடுத்தும் எல்சி3-2 மேலே ஏறவில்லையென்றால், ஆட்டோஃபேஜியின் ஓட்டம் ஏற்கெனவே நின்றிருக்கலாம்.

ஆட்டோஃபேஜியைக் குறிவைக்கும் பக்கவாத மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம்.