பழசைக் கிளறலாமா?

அன்புள்ள ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பக்கத்தில் ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டாவிலிருந்து வருகிறார்கள். பாகுபாடு, மன அதிர்ச்சி பற்றி எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மறுவாரமே, 2021 ஜூலைக் கலவரத்தில் மாமாவை இழந்த ஓர் ஆப்பிரிக்கப் பையன், "உங்கள் தெருவிலும் தடுப்பு போட்டிருந்தார்களா, மேடம்?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டேன். பழசைக் கிளறாமல் இருப்பதுதானே நல்லது? நம் குழந்தைகளும் அப்போது பயந்துதான் கிடந்தார்கள். தமிழ் வகுப்புக்கும் ஆள் குறைகிறது.

அன்புள்ள டீச்சர்,

பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாளில் தேநீர் வரும், சான்றிதழ் வரும். தமிழ் வகுப்பைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். 'பழசைக் கிளறாமல்' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் வீடுகளில் அதைக் கிளறாத நாள் உண்டா, அம்மா?

என் ஆயா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வாழ்ந்தவர். ஜனவரி பிறந்தால், 1949-இல் அதே மாதம் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தின் கதையைத் தொடங்கிவிடுவார். கடை எரிந்தது, பித்தளை அண்டா போனது, கறவை மாடு போனது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணுவார். 'அவர்களை நம்பாதே' என்று முடிப்பார். பல வருடம் கழித்து, "அன்று இரவு எங்கே இருந்தீர்கள், ஆயா?" என்று கேட்டேன். "பக்கத்து ஜூலு அம்மாவின் கட்டிலுக்குக் கீழே" என்றார், உப்புக்கு விலை சொல்வதுபோல. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே யாரும் இல்லை என்று வந்தவர்களிடம் அந்த அம்மா சாதித்தாராம். அதுவரை ஒரு தடவைகூட அவர் எங்கள் கதைக்குள் வந்ததில்லை.

அரசுக் கணக்கைப் பாருங்கள். அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் 142 பேர். இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. ஆப்பிரிக்கர்களில் பலர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பலியானவர்கள். நம் வீட்டுக் கதையில் இந்த 87 பேர் எங்கே? ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் நடந்த தகராறில்தான் அது வெடித்தது. ஆயாவோ "திடீரென்று வந்தார்கள்" என்பார். இரண்டு வருடம் முன்னால், 1947-இல், இந்தியத் தலைவர்கள் டாக்டர் மான்டி நாயக்கரும் யூசுப் தாதூவும் ஆப்பிரிக்கத் தலைவர் சூமாவோடு சேர்ந்து போராட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதை எந்த ஆயா சொன்னார்? 1985 கலவரத்தில் இனாண்டாவை விட்டு ஓடிவந்த இந்தியக் குடும்பங்களும் அடுப்படியில் இதே பாணியில்தான் கதை சொல்லின. அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் 2021-இல் தடுப்பு போட்டுத் தெருமுனைகளில் நின்றார்கள்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டால் போலீஸ் வராத நாட்கள் அவை. ஆனால் பீனிக்ஸில் கொல்லப்பட்ட 36 பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். பயந்து கிடந்த நம் குழந்தைகள் மறுபடி பள்ளிக்கு வந்தார்கள். அந்தப் பையனுடைய மாமா வீடு திரும்பவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நீங்கள் நல்ல ஆசிரியை. இல்லாவிட்டால் இது உங்களை உறுத்தி எனக்கு எழுத வைத்திருக்காது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் தெருவில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நாங்களும் பயந்தோம்" என்று அதற்கு வால் சேர்க்காதீர்கள். பிறகு அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ஜனவரியில் வகுப்பில் 1949 பற்றிப் பேசுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். என்னிடம் இருக்கும் தாள்களை நகலெடுத்து அனுப்புகிறேன்.