அடைக்கும் இ.ஜி.ஆர். வால்வை எடுத்துவிடலாமா?

கேள்வி: மண்டபத்தில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறேன். 2018 மாடல், பி.எஸ்.4 டீசல். 14 மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் 18,000 ரூபாய் கொடுத்து மாற்றிய இ.ஜி.ஆர். வால்வு மறுபடி மக்கர் செய்கிறது. தகடு வைத்து அடைத்து, கம்ப்யூட்டரிலும் அணைத்துவிட 6,000 போதும் என்கிறது பட்டறை. செய்யலாமா? போன பணம் கிடைக்குமா?

பதில்: தகடு வேண்டாம். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசு வாயுவைக் குறைக்கக் கம்பெனியே பொருத்திய பாகம் இ.ஜி.ஆர். வால்வு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் அதே சட்டத்தின் 190(2) தனி. அதில் லைசென்ஸும் 3 மாதம் போகும். டாக்ஸிக்காரருக்கு அதுதான் பெரிய அடி.

"புகைச் சான்று பாஸ் ஆயிடும்" என்பார்கள். ஆகும்தான். டீசலுக்குப் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது.

பணம் கிடைப்பது, கெட்டது எது என்பதைப் பொறுத்தது. ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் கோடு (code) வந்தால் வாயு ஓட்டம் குறைவு, பெரும்பாலும் கரி. யாத்ரீகர்கள் ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி வரும்வரை ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டால், கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார்போல் ஒட்டும். அது ஓட்டும் விதத்தால் வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுப்பது கடினம். கழற்றிச் சுத்தம் செய்துகொள்வதே லாபம். பி0403 வந்தால் மின்சுற்று. உடனே வால்வைக் குறை சொல்லாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பிளக்கின் ஊசிகள் பச்சை பூத்திருந்தால் செலவு சில நூறுதான். ஊசிகள் சுத்தமாக இருந்து வால்வுக்குள்ளே மோட்டார் செத்திருந்தால், அது பாகத்தின் குறை. உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஜாப் கார்டில் பிழைக் கோடும் கிலோமீட்டரும் எழுதி வாங்குங்கள். கெட்ட வால்வை யாரிடமும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையம் ஆய்வுக்கு அனுப்ப அதுவே வேண்டும். 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் சர்வீஸ் சென்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. வால்வு போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள், 10 மாதம்தான் மிச்சம்.

"டாக்ஸி வணிக உபயோகம், நீ நுகர்வோரே இல்லை" என்று வாதம் வரும். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுபவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7)-இன் விளக்கத்திலேயே விலக்கு உண்டு. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சம்பள டிரைவர் வைத்து இரண்டு மூன்று வண்டி ஓட்டினால் இந்த வாதம் நிற்பது சிரமம்.

அதுவரை தகடு ஏற வேண்டாம். ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் போட்டோ எடுப்பது அதைத்தான்.