ஸ்ட்ராபெரிச் செடி இலையும் கொடியுமாகப் படர்கிறது, பழம் மட்டும் வரவில்லை. என்ன செய்வது?

ஆறு செடி நட்டதாகவும், இரண்டு அழுகிப்போய் மீதி நான்கும் கொடி விட்டுப் படர்வதாகவும், இதுவரை ஒரு பழம்கூடக் கண்ணில் படவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் முதல் வருடக் கணக்கும் இதேதான். எனக்கு எட்டில் ஐந்து போனது.

முதலில் அந்த அழுகிய இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். தக்காளி நாற்றைத் தண்டோடு கொஞ்சம் ஆழமாகவே நடலாம், புதைந்த தண்டிலும் வேர் பிடிக்கும். அதே பழக்கத்தில் ஸ்ட்ராபெரியையும் அழுத்தி நட்டால் அதற்கு அதுவே எமன். இலைக்காம்புகள் எல்லாம் வந்து சேரும் அடியில் தடித்த முடிச்சு மாதிரி ஒன்று இருக்கும், பாருங்கள். அதுதான் குருத்து. புது இலை, பூ, கொடி எல்லாமே அங்கிருந்துதான் கிளம்பும். அது மண்ணுக்குள் போனால் ஈரத்தில் அழுகிவிடும். ரொம்ப மேலே தூக்கி நின்றால் வேர் வெளியே தெரிந்து காய்ந்துவிடும். பாதி மண்ணில், பாதி வெளியே இருக்க வேண்டும். நடும்போது சரியாக இருந்தாலும் முதல் தண்ணீர் ஊற்றியதும் மண் கரைந்து குருத்தை மூடும், இல்லையென்றால் மண் இறங்கி வேர் வெளியே வரும். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு விரலால் மண்ணை ஒதுக்கிச் சரிசெய்துவிட்டுத்தான் கை கழுவுவேன்.

சரி, உயிரோடு இருக்கும் நான்குக்கு வருவோம். பழம் வராததற்குப் பெரும்பாலும் காலம்தான் காரணம், உங்கள் கைராசி இல்லை. ஸ்ட்ராபெரியில் பல வகைகள் பகல் குறைந்து குளிர் தொடங்கும்போதுதான் பூ மொட்டைக் கருக்கொள்ளும். பகல் நீண்டு வெயில் ஏறினால் அதே செடி கொடி விட ஆரம்பித்துவிடும். பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பூக்கும் வகைகளும் இருக்கின்றன. ஆனால் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவையும் சுணங்கிவிடும். அதனால் வெயில் காலத்தில் கொடியைப் பார்த்து நொந்துகொள்ள வேண்டாம். நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படட்டும். வெயில் கொளுத்தும் இடமாக இருந்தால் அது காலை வெயிலாக இருப்பது நல்லது.

அடுத்த சந்தேகம் உரத்தின் மேல். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே சொகுசு கண்டுவிடும். நானும் வாரம் தவறாமல் உரக் கரைசல் ஊற்றி, கீரைப் பாத்தி மாதிரி ஒன்றை வளர்த்து வைத்திருந்தேன். நடும்போது மண்ணோடு மக்கிய உரம் கலந்தால் போதும். பூக்கும் பருவத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்தைக் கொஞ்சம் கொடுங்கள். கொடிகளையும் அடியோடு நறுக்கிவிடுங்கள், அதற்குப் போகும் தெம்பு பூவுக்குத் திரும்பும். எல்லாவற்றையும் அல்ல, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பூ வந்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. நாம் பழம் என்று தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடித்தளம் ஊதிப் பெருத்தது. மேலே விதை மாதிரி ஒட்டியிருப்பவைதான் தாவரவியல் கணக்கில் உண்மையான கனிகள். அவை ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர வேண்டும். சேராத இடத்தில் சதை ஊதாது. என் முதல் பழம் ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் சூம்பி, கடித்துத் துப்பியது மாதிரி இருந்தது. சூம்பிய பக்கத்தை உற்றுப் பார்த்தால் விதைகள் நெருக்கமாக, பொடிப்பொடியாகக் கூடிக் கிடந்தன. தேனீ எட்டாத பால்கனி அது. அப்புறம் மெல்லிய ஓவியத் தூரிகையால் பூவின் நடுவே சுற்றிச் சுற்றி வருடிவிட ஆரம்பித்தேன், பழங்கள் உருவம் பெற்றன.

பழம் வராமல் தவித்தது நீங்களும் நானும் மட்டுமில்லை. 1714இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கடல் வழியே கொண்டுவந்தார். வந்தவை எல்லாம் பெண் செடிகள், வெறுமனே பூத்துக்கொண்டிருந்தன. வட அமெரிக்க ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் காய்த்தன. அந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்று நாம் வளர்க்கும் ஸ்ட்ராபெரி. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சில் ஸ்ட்ராபெரிச் செடியையும் ஏறக்குறைய 'ஃப்ரெசியே' என்றுதான் சொல்வார்கள். உங்கள் செடிக்கு இந்தச் சிக்கல் இல்லை, இன்றைய வகைகளில் பெரும்பாலும் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் காலையில் இலை ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சொட்டு, ஊசியால் கோத்தது போல நிற்கும். பனி இலை முழுக்கப் படியும், இது நுனியில் மட்டும் நிற்கும். வேர் குடித்த தண்ணீரின் மிச்சத்தைச் செடி ராத்திரியில் வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு அவசரமாக ஊற்ற வேண்டாம். வேர் மேலாகவே ஓடுவதால் மண்ணைக் காயவும் விடக்கூடாது. காய்ந்த வைக்கோல் மூடாக்கு போட்டால் ஈரமும் நிற்கும், பழமும் மண்ணில் படாது. ஈர மண்ணில் கிடந்த பழத்தில் இரண்டே நாளில் சாம்பல் நிறப் பூஞ்சை ஏறிவிடும்.

பூ வந்து 4 வாரம் போலப் பொறுத்தால் பழம். காம்படி வரை சிவக்கும் முன் பறிக்காதீர்கள். வாழை, மாம்பழம் மாதிரி பறித்த பிறகு இது இனிக்காது. நிறம் கொஞ்சம் ஏறலாம், புளிப்பு புளிப்பாகவே நிற்கும். ஆனால் பறவைகளுக்கும் அந்தத் தேதி அத்துப்படி, சிவக்கத் தொடங்கும்போதே வலை போட்டுவிடுங்கள்.

நறுக்காமல் விடச் சொன்ன கொடிகளுக்கு வருகிறேன். நன்றாக இருக்கும் செடியில் இரண்டு கொடியை மட்டும் விட்டுவையுங்கள். அதில் முளைத்திருக்கும் குட்டிச் செடியை, தாயிடமிருந்து பிரிக்காமல், பக்கத்தில் ஒரு சிறு தொட்டியின் மண்மேல் உட்காரவைத்து, வளைத்த கம்பியால் லேசாகப் பிடித்துவையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்த்த பழைய மண் வேண்டாம், அவற்றின் வாடல் நோய் இதையும் பிடிக்கும். 4 முதல் 6 வாரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் வேர் பிடித்துவிட்டது, கொடியை நறுக்கிவிடலாம். அழுகிப்போன இரண்டுக்கு ஈடாகிவிடும். இந்த முறை குருத்தை மட்டும் புதைத்துவிடாதீர்கள்.