வரப்பு போட்டால் பாகப்பிரிவினை ஆகிவிடுமா?

கேள்வி: எங்களுக்குத் தாத்தா வழி நிலம் 4 ஏக்கர். 1998-இல் அப்பாவே நடுவில் வரப்பு போட்டு, கிணற்றுப் பக்கம் 2 ஏக்கரை அண்ணனுக்கும் மேட்டுப் பக்கம் 2 ஏக்கரை எனக்கும் விட்டார். எழுத்து எதுவும் இல்லை. அப்பா 2009-இலும் அம்மா 2015-இலும் காலமானார்கள், உயில் கிடையாது. பட்டா எங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. இப்போது என் பக்கம் புறவழிச்சாலை வந்து விலை ஏறிவிட்டது. 'பாகமே பிரிக்கவில்லை, மொத்தமும் பொது' என்கிறார் அண்ணன். இத்தனை வருஷம் நான் தனியாக அனுபவித்தது செல்லாதா? தனிப்பட்டா வாங்க முடியுமா? 1994-இல் கல்யாணமாகிப் போன தங்கையின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார் பத்திரம் எழுதுபவர். அது அவசியமா?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. பத்திரம் எழுதுபவர் சொன்னது சரி.

மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 2005-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது மத்தியச் சட்டத் திருத்தம். தமிழ்நாட்டில் அதற்கு 16 வருஷம் முன்பே, 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்கள் மகன்களைப் போலவே பங்குதாரர்கள். உங்கள் தங்கைக்குக் கல்யாணம் 1994-இல். ஆக, 1998-இல் அப்பா வரப்பு போட்ட அன்று நிலத்தில் பங்குள்ளவர்கள் நீங்கள் இரண்டு பேர் மட்டுமல்ல. தங்கையை விட்டுவிட்டுப் பிரித்த பிரிவினை அப்போதே ஆட்டம் கண்டதுதான்.

வாய்மொழிப் பாகப்பிரிவினை இந்துச் சட்டப்படி செல்லாது என்று சொல்ல முடியாது, செல்லும். நிரூபிப்பதுதான் பாடு. தனித்தனித் தீர்வை ரசீது, அடங்கலில் (யார் நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) தனித்தனிப் பதிவு, தனியாக வாங்கிய பயிர்க்கடன் என்று அந்தக் காலத்துக் காகிதங்கள் வேண்டும். மகளின் பங்கை மறுப்பதற்காக அதைச் சொன்னால் இன்னும் கடினம். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஆவணங்களின் ஆதரவு இல்லாத வெறும் வாய்மொழிப் பிரிவினையை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. உங்களிடம் இருப்பது கூட்டுப் பட்டா. அது அண்ணன் பேச்சுக்குத்தான் சாதகம்.

அனுபவம் விஷயத்துக்கு வருகிறேன். '12 வருஷம் அனுபவித்தால் சொந்தம்' என்ற நம்பிக்கை பங்காளிகளுக்குள் எடுபடாது. ஒரு பங்குதாரர் கையில் நிலம் இருந்தால் அவர் எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் கொள்ளும். மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரிந்து, அதன் பிறகு 12 வருஷம் போயிருக்க வேண்டும். 'பங்காளி' என்ற சொல்லையே பாருங்கள், பங்கு உள்ளவன் என்றுதான் பொருள். உறவுக்கு வைத்த பெயரிலேயே சொத்து இருக்கிறது.

சரி, கணக்கு. தாத்தா 1956 ஜூன் 17-க்கு முன்பே இறந்து நிலம் அப்பாவுக்கு வந்திருந்தால் அது பூர்வீகச் சொத்து. அப்பா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வருக்கும் கால் பங்கு. அப்பாவின் காலும், அதில் அம்மாவுக்குச் சேர்ந்ததும் பிறகு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக இறங்கும். தாத்தா அதற்குப் பிறகு இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்து. பிள்ளைகளுக்கு விட வேண்டுமானால் செட்டில்மெண்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது) பதிந்திருக்க வேண்டும், வரப்பு போதாது. எந்த வழியில் போனாலும் வந்து நிற்பது ஆளுக்கு மூன்றில் ஒன்று. அண்ணனும் இதைக் கவனிக்க வேண்டும்: மொத்தமும் பொது என்றால் கிணற்றுப் பக்கமும் பொதுதான்.

நிலம் எப்படி வந்தது என்ற இந்தக் கேள்வி புதிதல்ல. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, கூட்டுக் குடும்பம் என்று சொல்லி ஜமீனைச் சகோதரரின் மகன் எடுத்துக்கொண்டார். கௌரி வல்லபரின் மகள் கட்டம நாச்சியார் வழக்காடினார். ஜமீன் கௌரி வல்லபர் தானே பெற்ற தனிச் சொத்து, சகோதரர் வழிக்குப் போகாது என்று, அன்றைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1863-இல். நடுவில் போனது 34 வருஷம்.

இன்றைய பாகவழக்கும் சீக்கிரம் முடியாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனரின் அளவீடு, நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை, நடுவில் மேல்முறையீடுகள். உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளியும் வெளியே நலங்கிள்ளியும் நின்றபோது, இரண்டு பேர் கழுத்திலும் சோழர்களின் ஆத்தி மாலைதான், யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி என்று புலவர் கோவூர் கிழார் சொன்னதைப் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். அவரிடம் போயிருந்தால் கட்டணம்கூட வாங்கியிருக்க மாட்டார்.

ஆகவே மூவரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தங்கைக்கு நிலம் வேண்டாம் என்றால் உரிய பணம் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கலாம். இன்றைய சாலையோர விலையைச் சொல்லிப் பேசுங்கள். பழைய விலையைச் சொல்லி வாங்கிய கையெழுத்து பின்னால் கோர்ட்டில் வந்து நிற்கும்.

எப்படிப் பிரிப்பது? ஏக்கர் கணக்கில் சமமாகப் பிரித்தால் இப்போதைய தகராறே திரும்ப வரும். சாலை முகப்பு மூவருக்கும் கிடைக்கும்படி நீளவாக்கில் கீற்றாகப் பிரிப்பது ஒரு வழி. இல்லையென்றால் முகப்பு கிடைப்பவர் மற்றவருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். கதைகளில் நிலம் என்றால் பரப்புதான்: ஐந்து ஊர், ஊசிமுனை இடம். நான் பார்த்த சண்டைகளில் பாதி பாதையாலும் கிணற்றாலும் வந்தவை. வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், யார் நிலம் வழியாக, கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், மின் இணைப்பு யார் பெயரில், மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, எல்லாவற்றையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். வரைபடம் இணைத்து மூவரும் அதிலும் கையெழுத்திடுங்கள்.

தனிப்பட்டா அதற்கப்புறம்தான். பதிந்த பத்திரத்தோடு உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால் சர்வேயர் அளந்து புலப்படத்தில் பிரிப்பார். உரிமைத் தகராறு இருந்தால் தாசில்தார் தீர்க்க மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்.

பேச்சு முறிந்து வழக்கே போட நேர்ந்தாலும், லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குக் கேட்கலாம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இப்போதைக்கு வில்லங்கச் சான்றும், தாத்தா பெயரில் உள்ள பழைய பத்திரமும், அவருடைய இறப்புச் சான்றும் எடுத்து வையுங்கள். அண்ணனிடம் பேசும் முன் தங்கையிடம் பேசிவிடுங்கள்.