யாழ்ப்பாணத்தில் ஸ்ப்ரூஸ் வளருமா?

கனடாவில் உறவினர் வீட்டு முன்றலில் நிற்கும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை யாழ்ப்பாணத்தில் நடலாமா, காரைநகர்க் கசூரினா கடற்கரையில் நிற்பதும் அதே மரந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நட வேண்டாம் என்பேன். நீண்ட குளிர்காலத்தில் உறங்கியெழும் அம்மரத்துக்கு எங்கள் வெக்கை ஒத்துவராது.

கடற்கரையில் நிற்பது சவுக்கு. அது பூக்கும் தாவரம். ஊசியிலை என்று தோன்றுவதை இரு நுனியிலும் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும், ஏனெனில் அது மெல்லிய கிளை. உண்மையான இலைகள் கணுக்களைச் சுற்றி மிகச் சிறிய செதில்களாகவே இருக்கும். ஸ்ப்ரூஸின் ஊசியோ தனித்தனியே ஒரு சிறு முளையின்மேல் அமர்ந்திருப்பதுடன், பெரும்பாலான இனங்களில் நான்கு பக்கங்கொண்டதாதலால் விரல்களுக்கிடையில் எளிதாக உருளும். முதிர்ந்த கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கும்.

முற்றத்துக்கு ஊசியிலை மரந்தான் வேண்டுமென்றால், உப்புக்காற்றைத் தாங்கும் அரோகேரியாவை, வீட்டிலிருந்து நன்கு தள்ளி நடுங்கள்.